பிந்தி வருகிறவர்களோடு வேதம் வாசித்தல்

(கும்மிடிப்பூண்டியில் சபை ஊழியர்களுக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘வேத விளக்கமும் சபை வாழ்வும்’. தலைப்பு பெரியது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வரும் ரயில் பாதைக்கும், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று போகும் பாதைக்கும் இடைப்பட்ட சபைகளுக்குள் அதை அடக்கிக்கொள்கிறேன். சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலைக்குப் போகிறவர்கள், காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர்கள், செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் ஊழியம் செய்கிறவர்கள் எல்லாரும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு வசனத்துக்கு நாம் கொடுக்கும் விளக்கம் சரியா என்பது பிரசங்கபீடத்தில் தீர்மானமாவதில்லை. அதைக் கேட்ட சபை தன் ஆராதனை நேரத்தையும், திருவிருந்து மேசையையும், கணக்குப் புத்தகத்தையும் எப்படி வைத்துக்கொள்கிறது என்பதில்தான் அது வெளியே தெரியும்.

துரோவாவில் தூங்கினவன்

அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். துரோவா பட்டணம், வாரத்தின் முதல் நாள். மேல்மாடியில் சபை கூடியிருக்கிறது. விளக்குகள் நிறைய எரிகின்றன. பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே இருக்கிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். இந்தப் பகுதியை வைத்து நாம் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே பிரசங்கம்: ஆலயத்தில் தூங்காதே, சபைக்கும் உலகத்துக்கும் நடுவே ஜன்னலில் உட்காராதே. வாலிபர் கூடுகையில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். தூங்கினவன் முகம் மட்டும் சுருங்கிப்போகும்.

சபை ஏன் இரவில் கூடியது? லூக்கா காரணம் எழுதவில்லை. ஆனால் முதல் நூற்றாண்டின் ரோமப் பேரரசில் ஞாயிறு விடுமுறை நாள் கிடையாது. அடிமையும் கூலியாளும் மற்ற நாளைப் போலவே அன்றும் வேலைக்குப் போனார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடிவிட்டுக் கலைகிறார்கள், பிறகு மறுபடி சேர்ந்து உணவு உண்கிறார்கள் என்று தெரிவிக்கிறார். கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தது 321இல். அதுவரை, ஏறத்தாழ 300 ஆண்டுகள், சபை என்பது வேலைக்கு முன்போ வேலைக்குப் பின்போ கூடிய சபைதான்.

இப்போது மறுபடி வாசியுங்கள். ஐத்திகுவின் தூக்கத்தைப் பாவம் என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. பவுல் கடிந்துகொள்ளவும் இல்லை. பேச்சை நிறுத்துகிறார், மாடியிலிருந்து இறங்குகிறார், அவனை அணைத்துக்கொள்கிறார், அவனுக்குள் உயிர் இருக்கிறது என்று சபையைத் தேற்றுகிறார். பிறகுதான் மேலே போய் அப்பம் பிட்கிறார். ‘சி’ ஷிப்ட் முடித்து, காலை ஆறு மணிக்கு ஆலைக் கேட்டை விட்டு வந்து, குளித்துவிட்டு எட்டரை மணி ஆராதனைக்கு ஓடி வந்து, கடைசி பெஞ்சில் கண்ணயரும் தம்பி ஒவ்வொரு சபையிலும் இருக்கிறான். அவனைப் பற்றி நாம் பேசுகிற பேச்சு துரோவாவில் நடந்ததோடு பொருந்துகிறதா?

இரண்டாவது பகுதி 1 கொரிந்தியர் 11. திருவிருந்துக்கு முன் நாம் வாசிப்பது. அபாத்திரமாய்ப் புசிப்பதைப் பற்றிய எச்சரிக்கை காதில் விழுந்ததும் ஒவ்வொருவரும் தலை குனிந்து தன் தன் பாவத்தை எண்ணுகிறோம். எண்ண வேண்டியதுதான். ஆனால் பவுல் அந்த எச்சரிக்கையை எழுத நேர்ந்த சங்கதி வேறு. கொரிந்துவில் சிலர் முந்திக்கொண்டு உண்டு முடித்துவிடுகிறார்கள். ஒருவருக்குப் பசி, இன்னொருவருக்கு வெறி. இல்லாதவர்கள் கூனிக் குறுகி நிற்கிறார்கள். ஜெர்மானிய வேத அறிஞர் கெர்ட் தைசன் 1970களில் எழுதிய ஆய்வுகளில், இது உபதேசத் தகராறு என்பதைக் காட்டிலும் வசதியுள்ளவருக்கும் வசதியற்றவருக்கும் இடையில் மேசையில் விழுந்த பிளவு என்று விளக்கினார். வேலையிலிருந்து விடுபட்டு நேரம் கழித்து வந்த அடிமைகளும் கூலியாட்களும்தான் வெறும் மேசையைப் பார்த்தவர்கள் என்று விரிவுரையாளர் பலர் கருதுகிறார்கள். பவுல் சொல்லும் பரிகாரம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. உணவுக்குக் கூடும்போது மற்றவர் வந்து சேரும்வரை பொறுத்திருங்கள் என்கிறார். கிறிஸ்துவின் சரீரம், புதிய உடன்படிக்கை, நியாயத்தீர்ப்பு என்று உயரமாய்ப் போகும் உபதேசம், கடைசியில் ஒரு நேர ஒழுங்கில் வந்து இறங்குகிறது.

‘அப்படியானால் ஞாயிறு காலை ஆராதனையை விட்டுவிடலாமா?’ என்று கமிட்டியார் கேட்கலாம். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அதை விடக்கூடாது. ஆனால் எட்டரை மணி என்பது சீனாய் மலையில் கொடுக்கப்பட்ட கட்டளை இல்லையே. ஞாயிறு மாலையில் ஒரு திருவிருந்து வைத்தால் சபை இரண்டாகிவிடும் என்ற பயமும் நியாயமானதுதான். அதனால்தான் சொல்கிறேன்: மாதம் ஒரு முறையாவது முழுச் சபையும் ஷிப்ட்காரர்களுக்கு ஒத்துவரும் நேரத்தில் ஒன்றாய்க் கூடட்டும். வசதியுள்ளவர்கள் ஒரு நாள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும்.

மேசையில் சோதிக்கப்படும் உபதேசம்

இது நம் ஊருக்குப் புதிய பாடம் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை அடியோடு நீங்க வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சண்டை எங்கே வெடித்தது? விசுவாசப் பிரமாணத்தின் எந்த வரியும் யாரையும் உறுத்தவில்லை. சேர்ந்து உட்காருவதிலும், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதிலும் வெடித்தது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்ற வசனத்தை அவர்கள் அதற்கு முன்னும் வாசித்தவர்கள்தான், பிரசங்கித்தவர்கள்தான். மேசைக்கு வந்தபோதுதான் அந்த விளக்கம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மேசையைப் பற்றி யோசித்தவர்கள் இருந்தார்கள். 1950இல் வெளிவந்த அதன் திருவிருந்து ஒழுங்கில் ஆயர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்கிறார். சுரியானி சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து கைக்குக் கை கடந்து போகிறது. பிற்காலத்தில் பிற நாட்டுச் சபைகளும் இந்த ஒழுங்கைக் கவனித்துக் கற்றுக்கொண்டன. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, நமக்கெல்லாம் ‘பரட்டை’யாகத் தெரிந்தவர், ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாக வைத்து நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் கட்டினார். இன்று நம் சபைகளில் கான்ட்ராக்டரும் அவரிடம் வேலை பார்க்கிறவரும் ஒரே வரிசையில் நின்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கையே கூலியைப் பிடித்து வைக்குமானால், வாழ்த்துக்கு என்ன பொருள்?

திராட்சத்தோட்டமும் கூலிக் கணக்கும்

மத்தேயு 20க்கு வருகிறேன். விடியற்காலையில் வந்தவனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி. இதைக் கிருபையின் உவமையாகப் பிரசங்கிக்கிறோம், அது சரியான விளக்கமே. ஆனால் இதே உவமையைச் சம்பள உயர்வு கேட்கிறவன் வாயை அடைக்கவும் பயன்படுத்துகிறோம். ‘முணுமுணுக்காதே, எஜமான் கொடுத்ததை வாங்கிக்கொள்’ என்கிறோம். அங்கேதான் விளக்கம் பிசகுகிறது.

உவமையின் எஜமான் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பேசின கூலியைக் குறைக்கவில்லை. சாயங்காலமே கொடுத்துவிடுகிறார். உபாகமம் 24 அதைத்தான் கட்டளையிடுகிறது: ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று. கடைசியாக வந்தவர்கள் சோம்பேறிகளும் இல்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில், யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்பது. காலையில் கேட் வாசலில் நின்று, ஐம்பது வயதாகிவிட்டதாலோ உடம்பு மெலிந்ததாலோ பொறுக்கப்படாமல் திரும்பும் அண்ணனுக்கு இந்தப் பதிலின் வலி தெரியும். அவருக்கும் வீட்டில் அடுப்பெரிய முழு நாள் கூலி தேவை. அந்தத் தேவையைப் பார்த்துத்தான் எஜமான் கொடுக்கிறார். பேசின கூலியும் உண்டு, அதற்கு மேல் இரக்கமும் உண்டு. இரக்கத்தைக் காட்டிக் கூலியைக் கழிக்க இந்த உவமையில் இடமே இல்லை.

இது பரலோக ராஜ்யத்தைப் பற்றிய உவமை, இதிலிருந்து ஊதியக் கொள்கை வரைய முடியாது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூலியை உதாரணமாகக் காட்டி விளக்கப்பட்ட ராஜ்யத்தை, கூலியை நிறுத்தி வைக்கிறவர் எப்படிப் பிரசங்கிப்பார்? யாக்கோபு 5 அப்படி நிறுத்தப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது. நாட்டுச் சட்டமும் இதை அறிந்திருந்தது. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், 1000 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கூலி கொடுக்கச் சொன்னது. ஆலையைப் பார்த்து நாம் வசனம் பேசுவதற்கு முன், நம் ஆலயம் பெருக்கும் அம்மாவுக்கும், இரவுக் காவலருக்கும், சபைப் பள்ளியின் தற்காலிக ஆசிரியைக்கும் எந்தத் தேதியில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பாருங்கள். சபையும் ஒரு முதலாளிதான்.

ஓய்வுநாள் கட்டளையும் இப்படியே. நாம் அதை ஆலயத்துக்கு வரும் கடமையாகச் சொல்லித் தருகிறோம். உபாகமம் 5இல் அந்தக் கட்டளை வீட்டுத் தலைவனைப் பார்த்துப் பேசுகிறது. வேலைக்காரன், வேலைக்காரி, வாசலில் இருக்கும் அந்நியன், மாடு, கழுதை வரை பட்டியலிட்டு, உன்னைப் போலவே அவர்களும் இளைப்பாற வேண்டும் என்கிறது. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்பது அதற்குக் காரணம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரல் 21 அன்று ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் பத்து நாள்களில் நான்காம் கற்பனையை எத்தனை பிரசங்கபீடங்களில் எடுத்தோம் என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்கள் கொண்டுவந்த விளக்கம்

கேட்கிறவர்களிடமிருந்தே விளக்கம் வருவதில் திருவள்ளூருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1880களில் வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனெரி இந்தப் பக்கத்தில் ஊழியம் செய்தார். திருவள்ளூரும் பொன்னேரியும் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துத் தாலுகாக்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ இருந்தார். ஆத்துமாக்களைத் தேடி வந்த இவர்கள், நிலத்தையும் கடனையும் பற்றி அரசாங்கத்துக்கு எழுதுகிறவர்களாக ஆனார்கள். அது எப்படி நடந்தது? வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். மிஷனெரிகள் சேரிக்குப் போனதைக் காட்டிலும், சேரி மக்கள்தான் மிஷனெரிகளைத் தேடி வந்தார்கள். படியாளாகக் கட்டுண்டிருந்தவர்கள், குடியிருந்த மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாதவர்கள், தங்கள் நிலைமையை எடுத்துச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு மிஷனெரிகளின் வாசிப்பு மாறியது.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். மிஷனெரிகளின் குரல் அதற்குப் பின்னால் இருந்தது. 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியாக வந்தது. மிஷனெரிகளைப் பெரிதாக்கிக் காட்ட இதைச் சொல்லவில்லை. அவர்களில் பலர் தயங்கினார்கள், சோற்றுக்காக வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். வந்தவர்களே அவர்களுக்கு வேத பாடம் எடுத்தார்கள் என்பதுதான் நான் கவனிக்கச் சொல்வது.

இதனால் சில பகுதிகளை நாம் அவசரப்பட்டு நம்முடையதாக்கிக்கொள்ளக் கூடாது. நிலம் கையகப்படுத்தும் செய்தி வந்தாலே 1 இராஜாக்கள் 21ஐ எடுத்து, நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பிரசங்கிக்கிறோம். நல்ல பகுதி. ஆகாப் சும்மா கேட்கவில்லை, விலையும் தருகிறேன் என்றான். பிதாக்களின் சுதந்தரத்துக்கு விலை இல்லை என்றான் நாபோத். ஆனால் ஒரு கேள்வி. நாபோத்துக்குத் தோட்டம் இருந்தது, நம் சபையார் பலரின் பாட்டனுக்கு என்ன இருந்தது? காணி இல்லாதவர் பிள்ளைக்கு ஆலை கொடுத்த அடையாள அட்டைதான் பண்ணையார் வாசலிலிருந்து முதல் விடுதலை. ஆகவே கிராமம் என்றால் சொர்க்கம், தொழிற்சாலை என்றால் ஆகாப் என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது. இறையியலாளர் அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையிலும், பின்பு கீழ்ப்பாக்கம் குருகுலத்தில் தலித் இறையியல் துறையை நடத்தியபோதும் இந்தப் பக்கத்திலிருந்துதான் யோசித்தார். உபாகமம் 26இல், தன் தகப்பன் அலைந்து திரிந்தவன் என்று சொல்லிக் காணிக்கை வைக்கும் அறிக்கையை அவர் தலித் மக்களின் வரலாற்றோடு சேர்த்து வாசித்தார்.

கும்மிடிப்பூண்டியிலேயே இன்னொரு வாசிப்புக்கூடம் இருக்கிறது. 1990 முதல் ஈழத்திலிருந்து வந்தவர்கள் தங்கியிருக்கும் முகாம். 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. வருடப்பிறப்பு ராத்திரி வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வரும் எரேமியா 29:11ஐ அங்கே வாசித்துப் பாருங்கள். அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. எரேமியாவின் கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதைக் காணாமலே மரித்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லப்பட்டது. இந்த வருடமே வீடு, இந்த வருடமே வேலை என்று அந்த வசனத்தைக் கிழித்துக் கொடுக்கிற நாம், முப்பது வருடத்துக்கு மேல் காத்திருக்கிறவர்களிடம் அதன் முழுப் பொருளையும் கேட்டு வர வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

1965 முதல் 1974 வரை சென்னையில் பிஷப்பாக இருந்த லெஸ்லி நியூபிகின், சென்னையைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் தம் குருமாரோடு மாதந்தோறும் கூடிப் பேசினார். அந்தப் பேச்சுகள் ‘நல்ல மேய்ப்பன்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வந்தன. இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் 1989இல் எழுதிய நூலில், சுவிசேஷத்துக்கு மெய்யான விளக்கவுரை அதை நம்பி வாழும் சபையே என்று வாதாடினார். நியூபிகின் சென்னையில் இருந்த காலத்தை ஒட்டி நிகராகுவாவில் எர்னஸ்டோ கார்டினல் என்ற கத்தோலிக்க குரு ஏரித் தீவுகளின் மீனவரோடும் விவசாயிகளோடும் உட்கார்ந்து சுவிசேஷத்தை வாசித்து, அவர்கள் சொன்னதையே புத்தகமாக்கினார். பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் அப்படி ஒரு வாசிப்பு நடக்க என்ன தடை?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தொழிலாளி சொன்னதாலேயே ஒரு விளக்கம் சரியாகிவிடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவரைப் பார்த்து ‘இவனால்தான் என் கூலி குறைந்தது’ என்று சொல்லும் நம் ஆளையும் லேவியராகமம் 19 நியாயம் விசாரிக்கும். வசனம் கான்ட்ராக்டரையும் கேள்வி கேட்கும், தொழிலாளியையும் கேட்கும், ஆயரையும் கேட்கும். அதனால்தான் மூலமொழி தெரிந்தவரும் வேண்டும், விரிவுரை நூலும் வேண்டும், சபையின் பழைய உபதேசமும் வேண்டும். இறையியல் கல்லூரியில் கற்றதை ஓரம் கட்டச் சொல்ல நான் வரவில்லை. கற்றதைக் கொண்டுபோய் யாரோடு உட்காருகிறோம் என்பதே கேள்வி.

‘அப்படியென்றால் பிரசங்கியாரின் அதிகாரம் என்ன ஆகும்?’ என்று ஒரு ஆயர் கேட்பார். குறையாது, நம்பத் தகுந்ததாகும். அடுத்த ஞாயிறு பிரசங்கிக்கப் போகிறவர்கள் புதன்கிழமையே அந்தப் பகுதியை இரண்டு ஷிப்ட் தொழிலாளரோடும், வீட்டு வேலைக்குப் போகும் ஒரு சகோதரியோடும், முடிந்தால் இந்தியோ ஒடியாவோ பேசும் ஒருவரோடும் வாசியுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பிரசங்கபீடம் ஏற வேண்டி வந்தால் வெட்கப்பட வேண்டாம். அந்தக் கேள்வியைச் சபைக்கு முன் அப்படியே வையுங்கள். பிறகு அதைக் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் எழுதுங்கள். பிரசங்கத்தில் எழுந்த கேள்விக்குக் கமிட்டி ஒரு தீர்மானத்தால் பதில் சொல்லும்போதுதான் வேத விளக்கம் முழுமையாகும்.